பளிங்கில் விட்ட தண்ணீர்

ஈரத்துணியைப் பிரிக்கப் பிரிக்க உள்ளேயிருந்து அவனுடைய தலையே வெளியே வருகிறது, முதலில் குடுமி, பிறகு நெற்றி, பிறகு அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்த அந்தச் சப்பை மூக்கு, களிமண் காய்ந்து வெடித்துவிடக் கூடாதென்று கோணியை நனைத்துச் சுற்றி வைத்திருந்தார்கள், காதோரம் தண்ணீர் சொட்டுகிறது, சௌக்கியமா என்று களிமண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டு வில்மட் துரை தானே சிரித்துக்கொள்கிறார், உயிரோடு எதிரில் நிற்கிறவனிடம் அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. உயிரோடு நிற்கிறவன் பஞ்சநதம், குடமுருட்டிக் கரையில் மேலக்கரை அக்ரஹாரத்து யக்ஞேஸ்வர கனபாடிகளுக்கு மூத்த பிள்ளை, லண்டன் பட்டணத்தில் ஒரு சிற்பியின் பட்டறையில், இடுப்பில் வேஷ்டியும் மார்பில் பூணூலும் தவிர வேறொன்றுமில்லாமல், மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று விறைத்துக்கொண்டிருக்கிறான், இது வசந்தகாலமாம், இவர்களுடைய வசந்தத்திடம் நம் மார்கழி பிச்சை வாங்க வேண்டும், அசையாதீர் என்கிறார் வில்மட், அவன் அசையவில்லை, உடம்பு அசையாமல் நின்றால் மனசு அவிழ்த்துவிட்ட மாடாக ஊரெல்லாம் சுற்றும் என்பது இந்தப் பெட்டியின் மேல் ஏறின பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

செய்யப்போவது ஆறடிப் பளிங்குப் பலகை, கப்பலேறித் தஞ்சாவூருக்குப் போய் அங்கே துரைமார் தங்கள் சாமிக்குக் கட்டிக்கொண்டிருக்கும் புதுக்கோயிலின் சுவரில் பதியப்போகிறது, நடுவில் போன வருஷம் செத்துப்போன கலெக்டர் ஃபென்விக், தஞ்சாவூர் வெயிலில்கூடக் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மனுஷன், இங்கே ஒரு தோளை மூடி ஒரு தோளைத் திறந்து ரோமாபுரிப் போர்வை சுற்றிக்கொண்டு நிற்பான், வில்மட் ரோமாபுரியில் ஏழு வருஷம் தொழில் கற்றவர், அவர் கையில் அகப்பட்டால் நம் ஊர்ப் பால்காரனும் ரோமாபுரிக்காரன்தான், பக்கத்தில் குடத்தோடு ஒரு பெண், அவள் காவேரியாம், அந்தக் குடத்தைக் கலெக்டர் சாய்த்துவிட, கீழே ஒரு பிராமணன் மண்டியிட்டு இரண்டு கையையும் குவித்துத் தண்ணீரை வாங்கிக்கொண்டு நன்றியில் கண்ணீர் விட வேண்டும், அந்தப் பிராமணன்தான் பஞ்சநதம். நன்றியா, எவனுக்கு நன்றி, குடமுருட்டியிலிருந்து பிரிகிற ஊர் வாய்க்காலின் தலைமதகைப் பட்டப்பகலில் செங்கல் வைத்து அடைத்து, தண்ணீரைத் தன் மைத்துனனின் அவுரித் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டவன் ஃபென்விக், அந்த வருஷம் மேலக்கரையில் குறுவை கருகிற்று, கிணறுகள் சேறாயின, சிவன் கோயில் அபிஷேகத்துக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரக் குருக்கள் பக்கத்து ஊருக்கு நடந்தார், திருடினவன் திருடின சொத்தைத் தானமாகக் கொடுப்பதுபோல் இப்போது கல்லில் அடிக்கப்போகிறார்கள், இருந்தும் கெடுத்தான் செத்தும் கெடுத்தான் என்பது இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். மண்டி போடும் என்கிறார் வில்மட், மூன்று வாரமாகத் தினம் ஒருதரம் சொல்கிறார், மாட்டேன் என்கிறான் பஞ்சநதம், தலையைப் பார்க்க வேண்டுமா பாரும், கையை நீட்ட வேண்டுமா நீட்டுகிறேன், மண்டி மட்டும் கேட்காதீர். ஃபென்விக்கின் விதவைச் சீமாட்டி வீட்டு மாடியறையில் அவன் இருக்கிறான், சென்னப்பட்டணத்துக்கு உத்தியோகம் போகிற பையன்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிறான், அந்தம்மாள் போய் நில்லு என்றால் நிற்க வேண்டியதுதான், நிற்பதோடு சரி.

மதகைத் திறக்கச் சொல்லி ஊர் கொடுத்த மனுவை எழுதினதே பஞ்சநதம்தான், ஊரில் இங்கிலீஷ் நாலு வார்த்தை தெரிந்தவன் அவன் ஒருவன், நாற்பத்தொரு மிராசுதார்கள் கையெழுத்துப் போட்டார்கள், நீதாண்டா ஊருக்கு வாய் என்று சொல்லிச் சொல்லியே அவனைக் கலெக்டர் கச்சேரி வாசலில் ஆறு மாசம் நிற்க வைத்தார்கள், கலெக்டர் சீமைக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு அவன் சென்னப்பட்டணம் வரைக்கும் துரத்திக்கொண்டு போனான், அங்கே ஃபென்விக் மனுவை நிதானமாகப் படித்து, அவன் தோளில் தட்டி, இதை இங்கே யாராலும் தீர்க்க முடியாது, என்னோடு கப்பலேறு, சீமையில் பெரியவர்கள் முன்னால் நீயே சொல், நானும் உன் பக்கம் பேசுகிறேன் என்றான், அந்தக் குரலில் இருந்த தேனை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. கடல் தாண்டலாமா, பஞ்சநதம் தானாக முடிவு செய்யவில்லை, ஊருக்கு ஆள் விட்டுக் கேட்டான், பதிலுக்குத் தம்பி சீதாபதியே புறப்பட்டு வந்தான், ஒரு மூட்டை அவலும் அப்பா சொன்ன வார்த்தையும் கொண்டுவந்தான், போயிட்டு வரச் சொல்லு, தண்ணியோட வரச் சொல்லு, அவ்வளவுதான் அப்பா சொன்னது, கடல் என்று தெரிந்தே சொன்னார், கூடத்தில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், பத்துப் பேரும் தலையாட்டினார்களாம், கடற்கரை மணலில் நின்று சீதாபதி அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அலை அவன் வேஷ்டியை நனைத்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள், எதற்காகச் சிரித்தார்களோ.

லண்டனில் பெரியவர்கள் யாரையும் பஞ்சநதம் பார்க்கவில்லை, இந்த வாரம், அடுத்த வாரம், மழை நிற்கட்டும், மந்திரி ஊரிலிருந்து வரட்டும் என்று ஃபென்விக் நாளைக் கடத்தினான், மனு அவனுடைய மேஜை இழுப்பறைக்குள் போயிற்று, இரண்டு வருஷம் கழித்து அதே இழுப்பறையில் மெழுகுவர்த்தித் துண்டுகளுக்கு அடியில் அதைப் பஞ்சநதம் பார்த்தான், மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை, நாற்பத்தொரு கையெழுத்தும் எண்ணெய்க் கறையோடு அப்படியே இருந்தன. பிறகு ஃபென்விக்குக்கு மகோதரம் வந்தது, கால் வீங்கிற்று, வயிறு வீங்கிற்று, வைத்தியன் வந்து ஊசியால் குத்திக் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்தான், எடுக்க எடுக்க ஊறிற்று, ஊர்த் தண்ணீரை விழுங்கினவனுக்குத் தண்ணீராலேயே சாவு என்று பஞ்சநதம் மாடியறையில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சொன்னான், சொன்னதற்காக இன்றைக்கும் அவன் வெட்கப்படவில்லை. ஆனால் அதெல்லாம் பின்னால், அதற்கு முன்னாலேயே, அவன் லண்டன் வந்து ஒரு வருஷம்கூட ஆகாதபோதே, சென்னப்பட்டணத்தில் துரைமாருக்கு மொழிபெயர்க்கிற துபாஷி ஒருவர் எழுதின கடிதம் வந்துவிட்டது, மேலக்கரையில் உனக்குக் குடம் உடைத்துவிட்டார்கள்.

மடத்திலிருந்து கேள்வி வந்ததாம், பக்கத்து ஊர்க்காரர்கள் மேலக்கரையில் பெண் எடுக்க மாட்டோம் கொடுக்க மாட்டோம் என்றார்களாம், மனுவில் கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு பேரும் கூடினார்களாம், கடல் தாண்டினவன் செத்தவன், செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும், அப்பா எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சரி என்றாராம், குடத்தில் தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்தார்கள், வேலைக்காரி சடைச்சி அதைக் காலால் உதைத்துக் கவிழ்க்க வேண்டும், அதுதான் முறை, அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சாமி நான், என் காலால் மாட்டேன் என்று அவள் அழுதாளாம், உதை என்றாராம் அப்பா, அவள் பட்டும் படாமல் உதைத்தாள், குடம் ஆடி நிமிர்ந்துகொண்டது, மறுபடியும் உதை என்றார், இரண்டாம் தரம் கவிழ்ந்தது, தண்ணீர் தெருவில் ஓடிற்று, தண்ணீரே இல்லாத ஊரில் ஒரு குடம் தண்ணீரைப் பிள்ளையைச் சாகடிக்க மட்டும் எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறார்கள், அப்புறம் எல்லாரும் தலை முழுகினார்கள். இனி அவன் யாருக்கும் பிள்ளை இல்லை, யாரும் அவனுக்கு அப்பா இல்லை, அவன் செத்தால் ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட ஆளில்லை, அவர் செத்தால் விடுகிற பாத்தியதை அவனுக்கு இல்லை. நீங்கள் அனுப்பித்தானே வந்தேன், உங்கள் வாய்க்காலுக்குத்தானே வந்தேன், பெட்டியின் மேல் நிற்கிறவனின் தாடை இறுகுகிறது, முகம் மாறுகிறது, அப்படியே இரும் என்று வில்மட் துள்ளுகிறார், அந்தத் துக்கம், அதேதான், என்று களிமண்ணைக் கட்டைவிரலால் அழுத்துகிறார், கோபத்துக்கும் துக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர் முகம் செய்து பிழைக்கிறார்.

பட்டறையில் அவனோடு பேசுகிற ஆள் பாத்திஸ்தா ஒருவன்தான், இத்தாலியில் பளிங்கு வெட்டுகிற ஊர்க்காரன், வில்மட் களிமண்ணில் பிசைந்து பிளாஸ்டரில் வார்த்துக் கொடுத்துவிடுவார், கல்லில் அதை அடித்து எடுப்பது முழுக்கப் பாத்திஸ்தா, இரண்டு பேரும் உடைந்த இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள், உடைந்த துண்டுகள் எப்படியோ பொருந்திக்கொள்ளும். முந்நூறு வருஷமாக இதே கதைதான் என்று பாத்திஸ்தா தூசியைத் துப்பிவிட்டுச் சொல்வான், பிளாரன்ஸிலிருந்து ஒருவன் வந்து இவர்கள் ராஜாவுக்குச் சமாதி செய்தான், பிறகு பிளாண்டர்ஸ்காரர்கள் வந்தார்கள், பிரெஞ்சுக்காரன் வந்தான், இந்த ஊர்க் கோயில்களில் சமாதி மேல் கல்லாகக் கை கூப்பிப் படுத்திருக்கிற பிரபுக்களில் பாதிப் பேருக்கு மூக்கு வைத்தவன் வெளியூர்க்காரன், இப்போதுதான் இவர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்களே, அதனால் கல் என்னுடையது, அடியில் வெட்டுகிற பெயர் மட்டும் வில்மட். அதைச் சொல்லும்போது அவன் உளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வான், கோபம் வந்தால் அவன் கல்லைத் தொடமாட்டான், கல் பழி வாங்கும் என்பான்.

அப்பா போய்விட்டார் என்ற கடிதம் அதே துபாஷியிடமிருந்து ஏப்ரலில் வந்தது, போனது ஆவணியில், எட்டு மாசமாக உலகத்தில் அப்பா இல்லை, எட்டு மாசமாக அவன் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், சிரார்த்தங்களைச் சீதாபதி செய்கிறான், மூத்தவன் இடத்தில் சின்னவன் உட்கார்ந்து செய்கிறான் என்று ஒரு வரி, அவ்வளவுதான். அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வந்ததெல்லாம் கோபம், கேட்டு வாங்க வேண்டிய பதிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்ற கோபம், அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டேன் என்று ஒரு மனசு, விட்டால்தான் என்ன, செத்தவன் விடுகிற தண்ணீர் போய்ச் சேருமா என்று ஒரு மனசு, இரண்டுக்கும் நடுவில் அன்றைக்கும் பட்டறைக்குத்தான் போனான், சட்டையைக் கழற்றினான், பெட்டியின் மேல் ஏறினான், அப்போதுதான் தோன்றிற்று, இந்தக் கல் தஞ்சாவூருக்குப் போகப்போகிறது, மேலக்கரையிலிருந்து கூப்பிடு தூரம், நாற்பத்தொரு பேரும் பார்க்கப்போகிற கல், சூரிய சந்திரர் உள்ளமட்டும் நிற்கப்போகிற கல். பஞ்சநதம் பெட்டியிலிருந்து இறங்கினான், பூணூலைத் தூக்கி இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினான், பித்ரு காரியத்தில் அப்படித்தான் போட்டுக்கொள்ள வேண்டும், வேறு எதற்கும் அப்படிப் போடக் கூடாது, ஜன்னலைப் பார்த்துத் தெற்கு எது என்று நிதானித்துக்கொண்டு, இடது முழங்காலைத் தரையில் ஊன்றினான், குவித்த கையைத் தண்ணீர் வாங்குகிறவனைப்போல் மேலே ஏந்தாமல் வலப்பக்கம் சாய்த்தான், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தண்ணீர் வழிந்து இறங்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு விட்டான், மேலக்கரையில் எட்டு வயசுப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான் இது என்னவென்று.

வில்மட்டுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மூன்று வாரம் மறுத்தவன் தானாக மண்டியிட்டான் என்றால் சும்மாவா, சுற்றிச் சுற்றி வந்தார், பழைய கையைக் களிமண்ணிலிருந்து பிய்த்து எறிந்துவிட்டுப் புதுக் கையைப் பிசைந்தார், பூணூல் முன்னே அந்தப் பக்கம் இருந்ததே என்று மட்டும் ஒருதரம் கேட்டார், இதுதான் சரி, மாற்றினால் எழுந்துவிடுவேன் என்றான் பஞ்சநதம், பிறகு அவர் பயபக்தியோடு குரலைத் தாழ்த்தி, இந்த நிலைக்கு உங்கள் நாட்டில் என்ன அர்த்தம் என்றார். பஞ்சநதம் பொய் சொல்லியிருக்கலாம், ஒன்றுமில்லை, சும்மா ஒரு வழக்கம் என்றிருக்கலாம், ஆனால் எட்டு மாசமாகச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாத வார்த்தை, அதற்கு முன்னாலும் நாலு வருஷமாகச் சொல்ல உரிமை இல்லாத வார்த்தை, யாரோ வந்து கேட்டதும் வாயில் தானாக வந்தது, நிமிர்ந்து சொன்னான், ஒரு பிள்ளை தன் தகப்பனுக்குச் செய்வது. அப்படியா என்றார் வில்மட், அப்படியா என்று இன்னொருதரம் சொன்னார், தொப்பியை எடுத்துக்கொண்டு அப்போதே சீமாட்டி வீட்டுக்குப் புறப்பட்டார்.

கோடை முழுக்கப் பாத்திஸ்தா கல்லில் இருந்தான், பிளாஸ்டர் உருவத்தில் நூற்றுக்கணக்கில் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் அளவுக் கம்பியால் பார்த்து அதே ஆழத்துக்குப் பளிங்கில் துளை போட்டு, துளைகளுக்கு நடுவில் இருப்பதை உடைத்து எறிந்துகொண்டே போனான், முதலில் அம்மை வார்த்த முகம்போல் இருந்தது, பிறகு ஒருநாள் அதில் மூக்கு வந்தது, பஞ்சநதத்துக்கு வேலை முடிந்துவிட்டது, வரவேண்டிய அவசியமில்லை, ஆனாலும் வந்து உட்கார்ந்திருந்தான், இந்தக் கை யாருக்காக என்று பாத்திஸ்தா ஒருநாள் கேட்டான், வில்மட்டிடம் சொன்னதைப் பஞ்சநதம் அவனிடம் முழுக்கச் சொன்னான், குடம், சடைச்சியின் கால், ஆவணி மாசம் எல்லாம் சொன்னான், பாத்திஸ்தா விரல்களுக்கு நடுவே இருந்த இடத்தை மட்டும் நாலு நாள் எடுத்துக்கொண்டு வெட்டினான், வில்மட் அவசரப்படுத்தியும் கேட்கவில்லை. அந்த நாட்களில் பஞ்சநதத்துக்கு உள்ளூர ஒரு கொண்டாட்டம், அதை அவன் துக்கம் என்று சொல்லிக்கொண்டான், உண்மையில் அது கொண்டாட்டம்தான், பாருங்கடா, பிள்ளை இல்லை என்றீர்களே, உங்கள் ஊருக்கு வந்து நிற்கிறேன் பாருங்கடா, குடத்தை உதைத்துக் கவிழ்க்கலாம், இதைக் கவிழ்க்க எவன் காலால் ஆகும், அப்பாவுக்குத் தண்ணீர் விடுகிறோம் என்பதைவிட ஊர் பார்க்கிற இடத்தில் விடுகிறோம் என்பதில்தான் அவன் மனசு குளிர்ந்தது, அது அப்போது அவனுக்குத் தெரியவில்லை. ஐப்பசியில் சீமாட்டி அவனை நோய்க்கார அத்தை ஒருத்திக்குப் படித்துக்காட்ட வெளியூர் அனுப்பிவிட்டாள், திரும்பி வந்தபோது பலகை பெட்டிக்குள் வைக்கோலில் படுத்துக் கப்பலேறியிருந்தது.

பதினாறு மாசம் கழித்துச் சீதாபதியின் கடிதம் வந்தது, கடற்கரை மணலில் பிரிந்த பிறகு அவன் எழுதின முதல் கடிதம், மேலே பிள்ளையார் சுழியில்லை, க்ஷேமம் விசாரிக்கவில்லை, சாவுக் கடிதம்போல் எடுத்த எடுப்பில் ஆரம்பித்திருந்தான். அண்ணா, ஒனக்கு நான் எழுதப்படாது, எழுதறேன், கல்லு வந்து கச்சேரி வாசல்ல பத்து நாள் பிரிச்சு வச்சிருந்தா, ஊரே போய்ப் பார்த்தது, நீதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது, பூணூல் எந்தத் தோள்ல இருக்கு, கை எப்பிடிச் சாஞ்சிருக்கு, எல்லாம் தெரிஞ்சுது, என்ன பண்றேன்னும் தெரிஞ்சுது, கீழே எழுதியிருக்கறதைக் குமாஸ்தா தமிழ்ல படிச்சுச் சொன்னான், இந்தத் துரை எங்களுக்குத் தகப்பன், தகப்பனுக்குச் செய்யறதை இவருக்குச் செய்யறோம்னு எழுதியிருக்கு, அம்மா அன்னிலேர்ந்து பேசலை, மதகை அடைச்சவனுக்கு நீ தர்ப்பணம் விட்டேன்னு தெருவுல எல்லாரும் சொல்றா, அப்பாவுக்கு இல்லை, அவனுக்கு, நான் இல்லேன்னு சொல்லிப் பார்த்தேன், அப்பாவுக்குன்னா தண்ணியிலே விடுவானே, கல்லுல ஏன் விட்டான்னு கேக்கறா, எனக்குப் பதில் தெரியலை. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, ஒனக்குத் தெரியுமா, என்று மட்டும் எழுதி முடித்திருந்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சிரிப்பதற்குக்கூட மூச்சு வரவில்லை, கடிதத்தைக் கையில் பிடித்தபடியே பஞ்சநதம் பட்டறைக்கு ஓடினான், வில்மட் யாரோ ஒரு பிரபுவின் தொடையைப் பிசைந்துகொண்டிருந்தார், கீழே என்ன எழுதினீர் என்று கத்தினான், வில்மட் பயந்துபோய்ப் பழைய காகிதத்தைத் தேடி எடுத்து வாசித்தார், அழகான இங்கிலீஷ், சீமாட்டியும் அவரும் சேர்ந்து எழுதினது, எழுத்து வெட்டுகிறவன் கப்பலுக்கு முந்தின வாரம் வெட்டினது, எவன் சொன்னான் அவன் என் தகப்பனென்று, எவன் சொன்னான் என்று பஞ்சநதம் கேட்கக் கேட்க அவருடைய முகத்தில் உண்மையான திகைப்பு, பொய்யே இல்லாத திகைப்பு, அதுதான் தாங்க முடியவில்லை. நீர்தானே சொன்னீர், என்றார் வில்மட்.

அலமாரித் தட்டில் அந்தப் பிளாஸ்டர் உருவம் இருந்தது, புள்ளி புள்ளியாக, வலது தோளில் பூணூலோடு, பஞ்சநதம் சுத்தியலை எடுத்தான், பாத்திஸ்தா தடுக்கவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை, அதை உடைத்துப் பிரயோசனம் இல்லை, கல் அங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னான், பிறகு, உன் தம்பி என்ன எழுதியிருக்கிறான் என்றான், பஞ்சநதம் கடிதத்தின் கடைசி வரிகளைத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான், பாத்திஸ்தா கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, நியாயமான கேள்வி என்றான். அவனைத்தான் அடிக்கத் தோன்றிற்று, வில்மட்டை அல்ல, சுத்தியலைத் தரையில் போட்டுவிட்டு வெளியே வந்தான், வெயில் அடித்துக்கொண்டிருந்தது, எந்தத் தெரு என்று பார்க்காமல் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடந்தான், வண்டிக்காரர்கள் திட்டினார்கள், அவனும் திட்டிக்கொண்டேதான் நடந்தான், ஃபென்விக்கை, சீமாட்டியை, மடத்தை, நாற்பத்தொரு பேரையும் பெயர் சொல்லி வரிசையாக, எல்லாரையும் திட்டி முடித்த பிறகு பாக்கி இருந்தவன் அவன் ஒருவன்தான், அப்பா போன கடிதம் வந்த ஏப்ரல் மாசத்திலிருந்து இந்தப் பட்டணத்து ஆறு தெருக்கோடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருதரம், ஒரே ஒருதரம் இறங்கினானா.

ஆறு வற்றிக் கிடக்கிறது, கடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்ட நேரம், படித்துறையின் கடைசிப் படிக்கும் கீழே சேறு, அதற்கப்பால் கறுப்பாகத் தண்ணீர், வடகரை இது, ஆற்றைப் பார்த்து நின்றால் தெற்கு, நிதானித்துப் பார்க்க வேண்டியதில்லை, படகு வேண்டுமா ஐயா என்கிறான் ஓடக்காரன், பஞ்சநதம் கோட்டைக் கழற்றுகிறான், சட்டையைக் கழற்றுகிறான், குதிக்கப்போகிறான் பிடியுங்கள் என்று ஓடக்காரன் கத்த, நாலைந்து பேர் கூடிவிடுகிறார்கள், அவன் குதிக்கவில்லை, சேற்றில் இறங்குகிறான், முழங்கால் வரை புதைகிறது, எள் இல்லை, தர்ப்பை இல்லை, தண்ணீரில் மீன் நாற்றமும் கரி நாற்றமும் அடிக்கிறது, பூணூலை வலது தோளுக்கு மாற்றி இடது முழங்காலைச் சேற்றில் ஊன்றுகிறான், அள்ளுகிறான், பாரத்வாஜ கோத்திரம் என்கிறான், யக்ஞேஸ்வர சர்மா, என் அப்பா, கையைச் சாய்க்கிறான், தண்ணீர் விரலிடுக்கில் இறங்கிச் சேற்றில் விழுகிறது, இரண்டாம் தரமும் கோத்திரம், பெயர், தண்ணீர், மூன்றாம் தரம் அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறான், படியில் நிற்கிறவர்களுக்குப் புரியாத பாஷையில், அவர்கள் பயந்து ஓரடி பின்வாங்குகிற குரலில், ஆற்றைப் பார்த்துக் கத்துகிறான், அப்பா, துரைக்கு இல்லை, ஊருக்கு இல்லை, உங்களுக்கு, நீங்கோ உதைக்கச் சொன்ன பிள்ளை விடறேன், வாங்கிக்கோங்கோ, வேண்டாம்னா நீங்களே வந்து சொல்லுங்கோ. தண்ணீரை விடுகிறான். மூன்றோடு நிறுத்த வேண்டும், அதுதான் கணக்கு, அவனுக்குக் கோபமும் தீரவில்லை, நிறுத்தவும் தெரியவில்லை, நாலாவது கை அள்ளுகிறான், ஐந்தாவது கை அள்ளுகிறான்.